பாட்டு தெரியும், படம் தெரியாது: மறந்துபோன பழைய படங்களை வீட்டிலிருந்தே தேடிக் கண்டெடுக்க ஒரு வழிகாட்டி

கொழும்பு வெள்ளவத்தையில் எங்கள் வீட்டுக் குசினியில் காலை முழுவதும் வானொலி பாடிக்கொண்டிருக்கும். அறிவிப்பாளர் வாய் திறப்பதற்கு முன்பே அம்மா படத்தின் பெயரையும் பாடியவரின் பெயரையும் சொல்லிவிடுவார். "உறவுகள் தொடர்கதை" வந்தால், தேங்காய் துருவும் கை நிற்காமலே "அவள் அப்படித்தான், யேசுதாஸ்" என்பார். ஒருநாள் கேட்டேன்: "அம்மா, அந்தப் படத்தை நீங்கள் பார்த்திருக்கிறீர்களா?" துருவலை நிறுத்திவிட்டு யோசித்தார். "இல்லை. பாட்டு மட்டும்தான்."

இலங்கை வானொலியின் வர்த்தக சேவையோடு வளர்ந்த குடும்பங்கள் எல்லாவற்றிலும் இந்த நிலைதான். "பொங்கும் பூம்புனல்", "நீங்கள் கேட்டவை", "பாட்டுக்குப் பாட்டு" என்று கேட்டுக் கேட்டு நூற்றுக்கணக்கான படங்களின் பெயர்கள் நமக்கு மனப்பாடம். அந்தப் படங்களில் எத்தனையைக் கண்ணால் கண்டோம் என்று எண்ணிப் பார்த்தால் மனம் கனக்கும். தொலைக்காட்சி அலைவரிசைகள் ஆண்டு முழுவதும் ஒரே முப்பது நாற்பது படங்களைச் சுழற்றுகின்றன. மற்றவை எங்கோ கிடக்கின்றன. கொழும்பில் ஒரு சாதாரண இணைய இணைப்போடும் கொஞ்சம் பொறுமையோடும் அவற்றைத் தேடி எடுப்பது எப்படி என்று, நான் செய்து பழகிய வரிசையிலேயே இங்கே எழுதுகிறேன்.

1. ஒரு கொப்பியோடு தொடங்குங்கள்

கைபேசியிலும் குறிக்கலாம். ஆனால் மேசையில் கிடக்கும் கொப்பியில் வீட்டிலுள்ள எல்லோரும் எழுதுவார்கள். ஒரு வாரம் வானொலி கேளுங்கள். உங்களுக்குப் பிடித்த, ஆனால் படத்தைப் பார்த்திராத ஒவ்வொரு பாட்டுக்கும் ஒரு வரி எழுதுங்கள்: பாட்டின் முதலடி, படத்தின் பெயர், ஆண்டு.

என் கொப்பியின் முதற் பக்கத்தில் இருந்தவை இவை. "அழகிய கண்ணே, உறவுகள் நீயே": உதிரிப்பூக்கள், 1979. "பூவண்ணம் போல நெஞ்சம்": அழியாத கோலங்கள், 1979. யேசுதாஸ் பாடிய பாரதியின் "காக்கைச் சிறகினிலே": ஏழாவது மனிதன், 1982. "நீயும் பொம்மை நானும் பொம்மை": பொம்மை, 1964. நான்கு பாட்டையும் பாடாத வாய் எங்கள் வீட்டில் இல்லை. நான்கு படத்தில் ஒன்றைக்கூட யாரும் பார்த்திருக்கவில்லை.

அடுத்து வீட்டுப் பெரியவர்களிடம் போங்கள். "உங்களுக்குப் பிடித்த பழைய படம் எது?" என்று கேட்காதீர்கள். எல்லோருக்கும் தெரிந்த பெயர்கள்தான் வரும். "தியேட்டரில் பார்த்து, அதற்குப் பிறகு தொலைக்காட்சியில் ஒருநாளும் காணாத படம் எது?" என்று கேளுங்கள். பெயர் வாயில் வராவிட்டால் இடத்தைக் கேளுங்கள். சவோய் தியேட்டரில் பார்த்தீர்களா, கொட்டாஞ்சேனையில் பார்த்தீர்களா, யாரோடு போனீர்கள், திரும்பி வரும்போது மழையா என்று கேட்டுக்கொண்டே போனால் படம் தானாக வெளியே வரும். என் பெரியம்மாவிடமிருந்து இப்படியே ஒரு மாலையில் ஆறு பெயர் வாங்கினேன்.

பழைய அலுமாரிகளில் பாட்டுப் புத்தகம் கிடைத்தால் அது புதையல். படமாளிகை வாசலில் விற்ற அந்த மெல்லிய தாள்களில் பாட்டுகளோடு நடிகர் பட்டியலும் தொழில்நுட்பக் கலைஞர்களின் பெயர்களும் இருக்கும். பாதிக் கதையைச் சொல்லிவிட்டு, மீதியை வெள்ளித்திரையில் காணச் சொல்லும் ஒரு கதைச்சுருக்கமும் இருக்கும். பார்ப்பதா வேண்டாமா என்று முடிவெடுக்க அந்தப் பாதிக் கதை போதும்.

2. நடிகரை விடுங்கள், பின்னால் நின்றவரைப் பிடியுங்கள்

இந்த வழிகாட்டியில் ஒன்றை மட்டும் நினைவில் வைப்பதென்றால் இதை வையுங்கள். நட்சத்திர நடிகரின் பெயரைத் தேடலில் போட்டால் ஏற்கெனவே தெரிந்த படங்களே முன்வரிசையில் நிற்கும். பிடித்த ஒரு படத்தின் எழுத்து ஓடும்போது நிறுத்தி, இயக்குநர், கதை எழுதியவர், ஒளிப்பதிவாளர் ஆகிய மூன்று பெயர்களைக் கொப்பியில் எழுதுங்கள். பிறகு அந்த மூவரும் வேறு என்ன செய்தார்கள் என்று தேடுங்கள். ஒரு படம் மூன்றாகும், மூன்று ஒன்பதாகும்.

முள்ளும் மலரும் படத்தை நீங்கள் பார்த்திருப்பீர்கள். 1978இல் வந்த அந்தப் படம் மகேந்திரனின் முதல் இயக்கம். அவர் பெயரைப் பிடித்துக்கொண்டு போனால் அடுத்த ஆண்டே உதிரிப்பூக்கள் நிற்கிறது. புதுமைப்பித்தனின் "சிற்றன்னை"யிலிருந்து ஒரு பொறியை எடுத்துக்கொண்டு அவர் தன் வழியில் வளர்த்த படம். ஊரே வெறுக்கும் ஒரு மனிதனை இவ்வளவு அமைதியான குரலில் சொல்ல முடியுமா என்று நான் வியந்து கிடந்தேன். அங்கிருந்து பூட்டாத பூட்டுகள் (1980), மெட்டி (1982) என்று போகலாம். இரண்டும் உதிரிப்பூக்களின் உயரத்தைத் தொடவில்லை என்பது என் எண்ணம். ஆனாலும் ஒரு கலைஞர் எங்கே தடுமாறினார் என்று பார்ப்பதும் அவரை அறிவதுதான்.

உதிரிப்பூக்களின் ஒளிப்பதிவாளர் அசோக்குமார். அவர் பெயரைப் பிடித்தால் நெஞ்சத்தைக் கிள்ளாதே (1980) கிடைக்கும். "பருவமே, புதிய பாடல் பாடு" என்று காலைப் பனியில் இருவர் ஓடும் படம் அதுதான். அந்த ஒளிப்பதிவுக்கு இந்திய தேசிய விருது கிடைத்தது.

முள்ளும் மலரும் படத்தின் ஒளிப்பதிவாளர் பாலு மகேந்திரா. இந்தப் பெயரில் நமக்கு உரிமை கொஞ்சம் கூட. மட்டக்களப்பு அமிர்தகழியில் பிறந்தவர். கித்துல்கலையில் ஆங்கிலேய இயக்குநர் டேவிட் லீன் படப்பிடிப்பு நடத்தியதைச் சிறுவயதில் கண்டதுதான் தன்னைச் சினிமாவுக்கு இழுத்தது என்று அவரே சொல்லியிருக்கிறார். மூன்றாம் பிறையை எல்லோரும் பார்த்துவிட்டார்கள். நீங்கள் அழியாத கோலங்களுக்கும் வீடு (1988) படத்துக்கும் சந்தியா ராகத்துக்கும் (1989) போங்கள். வீடு படத்தில் ஒரு நடுத்தரக் குடும்பத்துப் பெண் சிறு வீடொன்று கட்ட முயல்கிறாள், அவ்வளவுதான் கதை. கொழும்பில் இரண்டு பேர்ச் காணிக்கு அல்லாடிய எவரும் அந்தப் படத்தைச் சும்மா பார்த்துவிட்டு எழும்ப முடியாது. அர்ச்சனாவுக்கு அதற்காகத் தேசிய விருது கிடைத்தது. தாத்தாவாக வரும் சொக்கலிங்க பாகவதர் பாதி கட்டிய வீட்டைச் சுற்றிப் பார்க்கும் காட்சி வரும்போது என் அம்மா எழுந்து போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்தார்.

இன்னொரு பெயர் எஸ். பாலசந்தர். கே. பாலசந்தரோடு குழப்பிக்கொள்ளாதீர்கள், இவர் வீணை வித்துவான். 1954இல் ஒரு பாட்டும் ஒரு நடனமும் இல்லாமல் அந்த நாள் என்ற தமிழ்ப் படத்தை இயக்கினார். யப்பானியர் சென்னையில் குண்டு போட்ட காலத்தில் ஒரு வானொலிப் பொறியியலாளர் சுடப்பட்டுக் கிடக்கிறார். கொன்றது யார் என்று ஒவ்வொருவரும் தத்தம் பக்கத்திலிருந்து சொல்கிறார்கள். செத்துக் கிடப்பவர் சிவாஜி கணேசன். அந்த நாளில் தொடங்கி, பொம்மை, நடு இரவில் (1970) என்ற வரிசையில் மூன்றையும் பார்த்தால், தமிழில் மர்மப் படம் என்பது எங்கே தொடங்கியது என்று புரியும்.

ருத்ரையா இயக்கியவை இரண்டே இரண்டு: அவள் அப்படித்தான் (1978), கிராமத்து அத்தியாயம் (1980). எழுத்தாளர்கள் வழியாகவும் போகலாம். ஜெயகாந்தன் தன் நாவலைத் தானே உன்னைப்போல் ஒருவன் (1965) என்று இயக்கினார். அவர் கதையைப் பீம்சிங் சில நேரங்களில் சில மனிதர்கள் என்று எடுத்தார். துரையின் பசி (1979), ஜான் ஆபிரகாமின் அக்ரஹாரத்தில் கழுதை (1977) என்று கொப்பி நிரம்பிக்கொண்டே போகும்.

தேடும்போது ஆண்டையும் சேர்த்துப் போடுங்கள். "உன்னைப்போல் ஒருவன்" என்று மட்டும் தேடினால் 2009இல் வந்த வேறு படம்தான் வரும். முதலில் தமிழ் எழுத்தில் தேடுங்கள். பிறகு ஆங்கில எழுத்தில், சொற்களைச் சேர்த்தும் பிரித்தும், இரட்டித்த எழுத்தை ஒற்றையாக்கியும் மூன்று நான்கு விதமாகத் தட்டிப் பாருங்கள். ஏற்றியவர் எப்படி எழுதினாரோ அப்படி எழுதினால்தான் சில படங்கள் அகப்படும்.

3. நம் தீவில் எடுத்த தமிழ்ப் படங்கள்

இந்தப் படியில் ஏமாற்றம் அதிகம். ஆனாலும் தாண்டிப் போகாதீர்கள்.

இலங்கையில் தமிழ்ப் படங்கள் எடுக்கப்பட்டன என்பதே நம் பிள்ளைகளில் பலருக்குத் தெரியாது. கட்டடக் கலைஞர் வி. எஸ். துரைராஜா தயாரித்த குத்துவிளக்கு (1972), வி. பி. கணேசனின் புதிய காற்று (1975), வானொலியில் ஊரையே சிரிக்க வைத்த "கோமாளிகளின் கும்மாளம்" படமாகி வந்த கோமாளிகள் (1976), செங்கை ஆழியானின் நாவலைப் பிரேம்நாத் மொறாயஸ் இயக்கிய வாடைக்காற்று (1978) என்று ஒரு வரிசை இருந்தது. அதில் நான் முதலில் தேடச் சொல்வது பொன்மணி (1977). காவலூர் ராசதுரை எழுதி, சிங்களச் சினிமாவின் பெரிய கலகக்காரரான தர்மசேன பத்திராஜ இயக்கிய படம். யாழ்ப்பாணத்து வீடும் சீதனமும் சாதியும் அதில் மெல்லிய குரலில் பேசப்படுகின்றன. கதாநாயகன் சண்டை போடுவான் என்று காத்திருந்தால் ஏமாறுவீர்கள்.

இந்தப் படங்கள் ஏன் எளிதில் கிடைப்பதில்லை? எடுத்தவை சிலவே, பிரதிகளும் சிலவே. ஹெந்தளையில் இருந்த விஜயா ஸ்ரூடியோ 1983 ஜூலையில் எரிக்கப்பட்டது. படச்சுருள்கள் எரிந்தால் நூல் எரிந்ததைப் போலத்தான். இன்னொரு வீட்டில் இன்னொரு பிரதி இருந்தால் உண்டு, இல்லாவிட்டால் இல்லை. ஆகவே முழுப் படம் அகப்படாவிட்டால் கிடைத்ததைப் பாருங்கள்: ஒரு பாட்டு, ஒரு காட்சித் துண்டு, ஒலிநாடாவில் இருந்து எடுத்த வசனம் என எதுவானாலும் சரி.

படத்துக்கு முன்னால் நூலுக்குப் போவது இங்கே நல்ல வழி. தம்பிஐயா தேவதாஸ் எழுதிய "இலங்கைத் தமிழ்ச் சினிமாவின் கதை" இந்தத் துறையின் கைவிளக்கு. ஈழத்து நூல்களையும் சஞ்சிகைகளையும் மின்வடிவில் சேர்த்து வைத்திருக்கும் "நூலகம்" இணையத்தளத்தில் படத்தின் பெயரைப் போட்டுத் தேடுங்கள். அந்தக் காலத்துச் சஞ்சிகையில் வந்த விமர்சனமோ விளம்பரமோ கண்ணில் படலாம். வெள்ளவத்தையில் இருப்பவர்களுக்குக் கொழும்புத் தமிழ்ச் சங்க நூலகம் நடக்கும் தூரம். தமிழகப் படங்களுக்கு சு. தியடோர் பாஸ்கரனின் நூல்களும், பிலிம் நியூஸ் ஆனந்தன் தொகுத்த திரைப்பட வரலாறும் உதவும். செட்டியார் தெருவிலோ வெள்ளவத்தையிலோ பூபாலசிங்கம் புத்தகசாலைக்குப் போகும்போது கேட்டுப் பாருங்கள்.

4. பக்கத்து வீட்டுச் சினிமா

கொழும்பில் வாழும் நமக்கு, சென்னையில் இருப்பவருக்கு இல்லாத ஒரு பேறு உண்டு. பஸ்ஸிலும் கடையிலும் கந்தோரிலும் கேட்டுப் பழகிய சிங்களம், படம் பார்க்கப் போதும். அதிலும் நம் கை கலந்திருக்கிறது. 1947இல் வந்த முதற் சிங்களப் பேசும் படமான கடவுனு பொரொந்துவ, எஸ். எம். நாயகம் என்ற தமிழர் மதுரையில் தயாரித்தது. அதற்குப் பின்னும் பல ஆண்டுகள் சிங்களப் படங்கள் தென்னிந்திய ஸ்ரூடியோக்களிலேயே உருவாயின. லெஸ்டர் ஜேம்ஸ் பீரிஸ் 1956இல் ரேகாவ படத்துக்காகக் கமெராவை ஊர்வெளிக்குத் தூக்கிக்கொண்டு போனபோதுதான் அந்தச் சினிமாவுக்குச் சொந்த முகம் வந்தது.

எங்கே தொடங்குவது? சருங்கலே (1979). சுனில் ஆரியரத்ன இயக்கியது. காமினி பொன்சேகா, நடராஜா என்ற யாழ்ப்பாணத்து எழுதுவினைஞராக வருகிறார். சருங்கலே என்றால் பட்டம். கொழும்பில் வேலை பார்த்த ஒரு தமிழரின் தனிமையையும் இனக்கலவரத்தையும் ஒரு சிங்களக் கலைஞர் 1979லேயே திரையில் வைத்தார் என்பதை நம்பவே எனக்குக் கொஞ்ச நேரம் ஆனது. அடுத்து பீரிசின் கம்பெரலிய. மார்ட்டின் விக்கிரமசிங்கவின் நாவல், 1965இல் புதுடில்லியில் தங்க மயில் பெற்ற படம். பிறகு நிதானய (1972). வெற்றிலை துப்பக் கூட எழும்ப விடாத படம். அது 2013இல் புதுப்பிக்கப்பட்டது என்பதால், புதுப்பித்த பிரதி கிடைத்தால் அதையே பாருங்கள். சுமித்ரா பீரிசின் கெஹெனு லமாய் (1978), பத்திராஜவின் பம்பரு எவித் (1978) ஆகியவை அடுத்த வாரத்துக்கு.

5. முழுப் படமா, துண்டாடிய படமா?

பெயர் கிடைத்துவிட்டது, யூடியூபில் படமும் இருக்கிறது. உடனே உட்கார்ந்துவிடாதீர்கள். ஒருமுறை ஒரு மர்மப் படத்தை இரவிரவாகப் பார்த்து, கொலையாளி பிடிபடும் காட்சியே இல்லாமல் "வணக்கம்" என்று முடிந்ததைக் கண்டு மனம் நொந்தேன். ஒரு சுருள் முழுவதும் இல்லை. அன்று முதல் கணக்குப் பார்க்காமல் படம் தொடங்குவதில்லை.

இந்தியப் படங்களின் தொடக்கத்தில் தணிக்கைச் சான்றிதழ் சில வினாடிகள் தெரியும். அதில் நிறுத்துங்கள். படத்தின் நீளமும் சுருள்களின் எண்ணிக்கையும் அதில் எழுதியிருக்கும். 35 மில்லிமீற்றர் படச்சுருள் ஒரு நிமிடத்தில் 90 அடி ஓடும். மீற்றர் கணக்கில் ஏறத்தாழ 27.4. நீளம் 13,500 அடி என்றால் 90ஆல் வகுக்க 150 நிமிடம். 4,000 மீற்றர் என்றால் 27.4ஆல் வகுக்க 146 நிமிடம். உங்கள் முன்னால் இருக்கும் பிரதி 120 நிமிடம்தான் என்றால் யாரோ அரை மணி நேரத்தை வெட்டியிருக்கிறார்கள். பெரும்பாலும் பாட்டுகள் போயிருக்கும். சில வேளைகளில் கதையே போயிருக்கும்.

ஐந்து ஆறு நிமிடக் குறைவைக் கண்டு பயப்பட வேண்டாம். திரையில் வினாடிக்கு 24 சட்டங்களாக ஓடும் படத்தைத் தொலைக்காட்சிக்காக 25ஆக ஓட்டிப் பதிந்த பிரதிகள் பல உண்டு. அவற்றில் 146 நிமிடப் படம் 140 நிமிடத்தில் முடிந்துவிடும். குரல்கள் கொஞ்சம் கீச்சென்று ஒலித்தால் காரணம் அதுதான். சுருள் மாறும் இடங்களில் ஒரு சொல் விழுங்கப்பட்டாலும் கோபிக்காதீர்கள். ஓட்டுபவரின் கை அதிகம் பட்டுத் தேய்வது சுருளின் தலையும் வாலும்தான். 1,000 அடிச் சுருள் 11 நிமிடம் ஓடும் என்பதால், அந்த இடைவெளிகளில் படம் துள்ளினால் அது தேய்மானம். வேறெங்கோ ஐந்து நிமிடம் தாவினால் அது வெட்டு.

ஒரே படத்தை நான்கு பேர் ஏற்றியிருந்தால், உரிமை வைத்திருக்கும் தயாரிப்பு நிறுவனத்தினதோ வீடியோ நிறுவனத்தினதோ சொந்த அலைவரிசையைத் தேர்ந்தெடுங்கள். பெரும்பாலும் மூலத்துக்கு நெருக்கமான பிரதி அங்கேதான் இருக்கும், பார்க்கிற பார்வைக்கு உரிய பணமும் உரியவரிடம் போகும். நான்கையும் ஒரே காட்சியில் நிறுத்தி ஒப்பிடுங்கள். பின்னணியில் இருப்பவரின் முகம் எதில் அடையாளம் தெரிகிறதோ அதைப் பாருங்கள்.

பழைய இறுவட்டுகளையும் வீசிவிடாதீர்கள். இணையத்தில் இல்லாத சில படங்கள் கடைகளில் தூசி படிந்த இறுவட்டுகளாக இன்னும் இருக்கின்றன. கணினியில் விஎல்சி செயலியில் போடுங்கள். அசையும் உருவங்களின் ஓரத்தில் சீப்புப் பல் போலக் கோடுகள் தெரிந்தால் விசைப்பலகையில் "டி" எழுத்தை அழுத்துங்கள், கோடுகள் மறையும். சப்டைட்டில் முந்தியோ பிந்தியோ வந்தால் "ஜி", "எச்" விசைகளால் சரிசெய்யலாம்.

6. தொலைக்காட்சிப் பெட்டியைத் திருத்துங்கள்

இது ஐந்து நிமிட வேலை. ஆனால் பழைய படத்தைக் கெடுப்பதில் புதிய தொலைக்காட்சியை மிஞ்ச எதுவும் இல்லை.

முதலில் படத்தின் அகலம். அந்தக் காலப் படங்கள் ஏறத்தாழ நான்குக்கு மூன்று என்ற அளவில் எடுக்கப்பட்டவை. தமிழில் சினிமாஸ்கோப் வந்ததே 1973இல்தான். அதற்கு முந்திய தமிழ்ப் படமொன்று உங்கள் அகலத் திரையை முழுதாக நிரப்பினால், இழுத்திருக்கிறார்கள் அல்லது மேலும் கீழும் வெட்டியிருக்கிறார்கள். படத்தில் ஒரு சுவர்க் கடிகாரத்தையோ நெற்றிப் பொட்டையோ பாருங்கள். முட்டை வடிவில் இருந்தால் இழுத்தது. ரிமோட்டில் பட அளவை நான்குக்கு மூன்றாக்குங்கள். தலைகள் வெட்டுப்பட்டிருந்தால் அந்தப் பிரதியிலேயே குறை; வேறு பிரதி தேடுங்கள். இருபுறமும் வரும் கறுப்புப் பட்டைகளைக் கண்டு வீட்டில் யாராவது "படம் முழுதாகத் தெரியவில்லையே" என்பார்கள். முழுதாகத் தெரிவது அப்போதுதான் என்று பொறுமையாகச் சொல்லுங்கள்.

அடுத்து, அசைவை வழுவழுப்பாக்கும் வசதியை அணைத்துவிடுங்கள். அது இருந்தால் பி. யு. சின்னப்பாவும் தொலைக்காட்சி நாடகத்தில் நடப்பவர் போலாகிவிடுவார். நிறச் செறிவையும் கூர்மையையும் குறையுங்கள். கறுப்பு வெள்ளைப் படத்துக்கு அறை விளக்கை அணைப்பது எந்தப் பொத்தானையும் விட மேலானது. ஒலி ஒற்றைத் தடத்தில் பதிந்தது, சுற்றொலி வேண்டாம். வசனம் புரியாவிட்டால் அடித்தொனியை (பேஸ்) குறைத்துப் பாருங்கள்.

உங்கள் இணையப் பொதியில் இரவு நேரத்துக்குத் தனி ஒதுக்கீடு இருந்தால், வார இறுதிப் படத்தை முந்திய இரவே செயலியில் சேமித்து வைத்துவிடலாம்.

7. மொழி தாண்டிப் போக விரும்பினால்

காசு கொடுக்காமல், களவும் செய்யாமல் பார்க்கக்கூடிய பெட்டகங்கள் உலகில் பல திறந்து கிடக்கின்றன. எல்லாவற்றையும் அடுக்கப் போவதில்லை; நான் திரும்பத் திரும்பப் போகும் இடங்களை மட்டும் சொல்கிறேன்.

கொரியத் திரைப்பட ஆவணக் காப்பகம் தன் பழைய படங்களை ஆங்கிலச் சப்டைட்டிலோடு யூடியூபில் வைத்திருக்கிறது. அங்கே ஓபல்தான் (Obaltan, 1961) என்ற படத்தைத் தேடுங்கள்; இலக்கில்லாத் தோட்டா என்று பொருள். போரில் ஊரை இழந்து சியோலில் ஒடுங்கிய ஒரு குடும்பம். மூத்த மகன் பல்வலியோடு அலையும் ஒரு கணக்கெழுத்தர். படுக்கையில் கிடக்கும் தாய் "போவோம், போவோம்" என்று கத்திக்கொண்டேயிருக்கிறாள். எங்கே போவது என்று அந்த வீட்டில் யாருக்கும் தெரியாது. இடம்பெயர்ந்து கொழும்புக்கு வந்த எங்கள் வீடுகளில் இந்தக் குரலைக் கேட்டவர்கள் இருக்கிறார்கள்.

ரஷ்யாவின் மொஸ்ஃபிலிம் ஸ்ரூடியோவும் அப்படியே திறந்து வைத்திருக்கிறது. ஒரு படைவீரனின் கதைப்பாடல் (Ballad of a Soldier, 1959) என்று பொருள்படும் படத்தில், ஓர் இளம் சிப்பாய்க்குத் தாயின் வீட்டுக் கூரையை வேய்ந்து கொடுக்கச் சில நாள் விடுப்புக் கிடைக்கிறது. அந்த நாட்கள் வழியிலேயே கரைகின்றன. அமெரிக்காவில் பதிப்புரிமை காலாவதியான படங்களை "இன்டர்நெட் ஆர்க்கைவ்" தளத்தில் காணலாம். ஐடா லூபினோ இயக்கிய த ஹிட்ச்-ஹைக்கர் (1953) எழுபது நிமிடம் போல ஓடும். ஒரு வேலை நாளின் இரவுக்குப் பொருத்தம். ஓர் இயக்குநரைப் பிடித்துக்கொண்டால் அதே நூல் பிடிக்கும் வித்தை இங்கேயும் பலிக்கும்.

8. பார்க்கும் முறை

பழைய படத்துக்கு முதல் முப்பது நிமிடம் கொடுங்கள். நாடக பாணிப் பேச்சும் நீண்ட எழுத்தோட்டமும் காதுக்கும் கண்ணுக்கும் பழக அவ்வளவு நேரம் வேண்டும். கைபேசியை வேறு அறையில் வையுங்கள். முப்பது நிமிடத்துக்குப் பிறகும் ஒட்டாவிட்டால் குற்ற உணர்வில்லாமல் நிறுத்திவிட்டு, கொப்பியில் ஒரு வரி எழுதுங்கள்: ஏன் ஒட்டவில்லை? மறக்கப்பட்ட படம் எல்லாம் மாணிக்கம் என்று நான் சொல்ல மாட்டேன். மறக்கப்பட வேண்டியவையும் உண்டு. ஆனால் அந்த ஒரு வரி அடுத்த தேர்வைச் செம்மையாக்கும்.

கிழமைக்கு ஒன்று போதும். ஞாயிறு பின்னேரம் மூன்று மணி என்று நேரம் குறித்து, வீட்டில் இருப்பவர்களைக் கூப்பிட்டு, இடைவேளையில் நிறுத்தித் தேநீர் ஊற்றிப் பாருங்கள். இந்தப் படங்கள் இடைவேளையைக் கணக்கில் வைத்தே எடுக்கப்பட்டவை. அங்கே நிறுத்தினால் கதை மனதில் நன்றாக ஊறும். பெரியவர்கள் நடுவில் பேசினால் தடுக்காதீர்கள். படத்தில் இல்லாத ஒரு வரலாறு அப்போதுதான் வெளிவரும்.

அவள் அப்படித்தான் படத்தை அம்மாவும் பெரியம்மாவும் நானும் அப்படி ஒரு ஞாயிறு பின்னேரம் பார்த்தோம். கறுப்பு வெள்ளைப் படம். மஞ்சு என்ற அந்தப் பெண் யாருக்காகவும் தன்னை வளைத்துக்கொள்ளாமல் பேசப் பேச, பெரியம்மா கதிரை நுனிக்கு வந்துவிட்டார். பாட்டு வந்தபோது யாரும் கூடப் பாடவில்லை. படம் முடிந்து விளக்கைப் போட்டதும் பெரியம்மா, "இவ்வளவு காலமும் இது காதல் பாட்டு என்றல்லவா நினைத்திருந்தேன்" என்றார். அம்மா ஒன்றும் சொல்லாமல் கோப்பைகளை எடுத்துக்கொண்டு உள்ளே போனார்.

சில நாள் கழித்து ஒரு காலை, குசினி வானொலியில் அதே பாட்டு தொடங்கியது. வழக்கம்போல அம்மா படத்தின் பெயரைச் சொல்வார் என்று காத்திருந்தேன். அவர் சொல்லவில்லை. கையைச் சேலைத் தலைப்பில் துடைத்துக்கொண்டு வந்து, சத்தத்தைக் கொஞ்சம் கூட்டிவிட்டு, அடுப்பைப் பார்க்காமல் அங்கேயே நின்றார்.